எலிகளோடு மரியாதையாகக் கதைத்த அக்கா

மனிதர்களோடு கதைக்கும்போது வா, போ, தொடாதை என்பதற்கு மேல் அக்கா வார்த்தை செலவழிக்கமாட்டார். மரியாதையெல்லாம் எலிகளுக்குத்தான்.

"கொஞ்சம் பொறுங்கோ ராசா. இப்ப முடிஞ்சிடும். அசையப்படாது, என்ன?"

ராசா அசையும் நிலையில் இல்லை. மயக்க மருந்து கொடுத்து, முன்பற்களை ஒரு கம்பியில் கொளுவி, இரண்டு காதுப் பக்கமும் உலோகக் குச்சிகளால் இறுக்கிவைத்த சுண்டெலி எங்கே அசைவது? அக்கா தலைத்தோலைக் கீறி விலக்குவார். மண்டையோட்டின் பொருத்துகள் சந்திக்கிற புள்ளியிலிருந்து அளந்து, பல் வைத்தியரிடம் இருப்பதுபோன்ற சின்னத் துளைகருவியால் ஓட்டை போடுவார். பிறகு ஊசி இறங்கும், நேரே மூளைக்குள், நினைவு பதிகிற இடத்துக்கு. உள்ளே போவது அல்சைமர் வந்தவர்களின் மூளையில் கட்டிகட்டியாகப் படிகிற அதே புரதம். ஆய்வுகூடத்தில் வாங்கி, இளஞ்சூட்டில் வைத்துத் திரளவிட்டது. குத்தியதும் ஊசியை வெளியே எடுக்கமாட்டார். எடுத்தால் உள்ளே போனது பின்னால் கசிந்துவிடும். உள்ளே போனது ஊறும்வரை காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் இந்தக் கொஞ்சல்.

"அதுக்குக் கேக்காதக்கா" என்று ஒருநாள் சொன்னேன்.

"அதுக்குக் கேக்காட்டில் என்ன? எனக்குக் கேக்குதுதானே."

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்கும் கார்ல்ஸ்ரூஹேக்கும் நடுவில் ஒரு ஊர். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நிலவறையில் நான் எலிக்கூடு கழுவினேன். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு கூடு கழுவ வந்தவன். கோப்பைக்கும் கூட்டுக்கும் நாற்றம்தான் வித்தியாசம். அக்கா யாழ்ப்பாணம். எனக்கு முதலே வந்தவர், ஜெர்மன்காரரோடு சரிக்குச் சரி படித்து ஆய்வுகூட உதவியாளர் ஆனவர். ஊசி போடுகிற வேலை அவருடையது. எலிக்கு நோயைக் கொடுத்துவிட்டு அது எவ்வளவு மறந்தது என்று அளப்பதும் அவருடைய வேலைதான்.

நான் சேர்ந்த புதிதில், நல்ல வேலைக்கு வந்திருக்கிறோம் என்ற பெருமையில், "இந்த மருந்து சனத்துக்கு எப்ப வருமக்கா?" என்று கேட்டேன்.

"மருந்தோ?" அக்கா சிரித்தார். "நாங்கள் இன்னும் வருத்தத்தையே ஒழுங்காச் செய்து முடிக்கேல்லை."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். எலிக்கு அந்த வருத்தம், அந்த நோய், தானாக வருவதில்லை. அதனால் நாங்கள் கொடுக்கிறோம். கொடுப்பதுகூட முழு வருத்தம் இல்லை, அதில் ஒரு துண்டு. மனிதருக்கு வருடக்கணக்கில் வருவதை எலிக்கு ஒரு குத்தில் கொண்டுவருகிறோம். அது வேறு, இது வேறு. ஆனால் ஒரு துண்டையாவது விளங்கிக்கொண்டால் மற்றத் துண்டுக்குப் போகலாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. இருக்கிறதை இருக்கிறபடி சொல்வார். கேட்கிறவனுக்கு அது வேண்டுமா என்று பார்க்கமாட்டார். அக்கா என்றால் அதுதான்.

எங்கள் சனம் அவரைப் பயந்ததும் அதனால்தான். கோயிலில் ஒரு அம்மா, நாலு பேர் கேட்க, "எலியைக் கொல்லுற கையோட பிள்ளையாரைக் கும்பிட வாறாள்" என்று சொன்னார். அக்கா திரும்பி நின்றார். "அவ்வளவு பெரிய வயித்தை வைச்சுக்கொண்டு அவர் எலிக்கு மேல ஏறி இருக்கிறார். நான் குத்துறதுக்கு முதல் மயக்கமாவது குடுக்கிறன்" என்றார். அந்த அம்மா அன்று பிரசாதம் வாங்காமலே போய்விட்டார். பிற்காலத்தில் அக்காவின் கணவருக்கு மறதி வந்தபோது இதே வாய்கள்தான், எலியின் பாவம் மனுசனில் விழுந்துவிட்டது என்று சொல்லின. அதையும் அக்காவின் காது கேட்கவே சொன்னார்கள். எங்கள் சனத்துக்கு மற்றவன் வீட்டு நெருப்பில் குளிர்காய யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

நானும் அவரை ஒருகாலம் வெறுத்தேன். காரணம் இருக்கிறது.

ஊரில் சாவு விழுந்தால் வெளிநாட்டில் இருப்பவனுக்கு உடனே சொல்லக்கூடாது என்பது எங்களிடையே எழுதாத சட்டம். முதலில், அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்பார்கள். அடுத்த நாள், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். அதற்கடுத்த நாள் யாரோ ஒரு நண்பன், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவான். சாப்பிட்டுவிட்டேன் என்று தெரிந்தபிறகுதான் சொல்வான். ஒரு சாவைத் தவணை முறையில் தருவது எங்கள் வழக்கம். என் அம்மா மன்னாரில் செத்தபோது என் மச்சான் லண்டனிலிருந்து அக்காவுக்குப் போன் எடுத்து, பக்குவமாகச் சொல்லுங்கோ என்று கேட்டிருக்கிறான். போயும் போயும் அவரிடம்.

நான் இரண்டு கையிலும் கூடுகளோடு நடைபாதையில் வந்துகொண்டிருந்தேன்.

"உன்ர அம்மா முந்தநாள் செத்திட்டா. சனம் உனக்கு ஒளிக்குது. கூட்டைக் கீழ வை, விழுத்திப்போடுவாய்."

நான் கூட்டை வைத்தேன். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று நினைவில்லை. அக்கா பக்கத்தில் நின்றார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. தோளில் கை வைக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து தரவில்லை. நின்று பார்த்தார். எலியை எப்படிப் பார்ப்பாரோ அப்படி. எத்தனையோ மாதங்கள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பார்வையை அவர் பழகிய இடம் தண்ணீர்த் தொட்டி. ஊசி போட்ட எலிகள் தேறியதும் அவற்றுக்கு ஒரு பரீட்சை உண்டு. வட்டமான பெரிய தொட்டி. உள்ளே எதுவும் தெரியாதபடி வெள்ளைச் சாயம் கலந்த தண்ணீர். தண்ணீருக்குச் சற்றுக் கீழே ஒரு இடத்தில், ஏறி நிற்க ஒரு சின்ன மேடை. எலியை இறக்கிவிட்டால் நீந்தும். எலிக்கு நீந்தத் தெரியும், ஆனால் பிடிக்காது. அலைந்து அலைந்து தற்செயலாக மேடையைக் கண்டுபிடிக்கும். சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து, நாளுக்கு நாள் வேகமாக வந்து ஏறும். ஒப்பிட்டுப் பார்க்கவென்று, புரதத்துக்குப் பதிலாக வெறும் உப்புத் தண்ணீர் குத்திய எலிகள் கெதியில் பழகிவிடும். அந்தப் புரதம் குத்தியவை பழகாது. ஒவ்வொரு நாளும் முதல் நாள்போல் சுற்றும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் முனைவர் பட்டத்துக்கு வந்திருந்தான். நல்ல பிள்ளை, கழுத்தில் எப்போதும் மப்ளர். ஒருநாள் ஒரு எலி மேடைக்குப் பக்கத்தில் வந்து, அறியாமல் வேறு பக்கம் திரும்பியது. இவன் பென்சிலால் அதை லேசாகத் தட்டி மேடைப் பக்கம் விட்டுவிட்டான். அக்கா கண்டுவிட்டார்.

"என்ன செய்தனி?"

"பாவங்க்கா, ஜஸ்ட் ஒரு இஞ்ச்ல மிஸ் பண்ணிருச்சு. லைட்டா கைட் பண்ணேன், அவ்வளவுதாங்க."

"ஆர் கேட்டது உன்னை? தொடாதை எண்டு சொன்னனான். தொடாதை, பார். அது மறந்ததோ இல்லையோ எண்டு இனி எனக்கு என்னெண்டு தெரியும்?"

அந்த எலியைக் கணக்கிலிருந்து தூக்கினார். கணக்கில் இல்லாத எலிக்கு எங்கள் கூடத்தில் சாப்பாடு இல்லை, அன்றே முடித்துவிடவேண்டும். அதைப் பையனின் கையில் கொடுத்து, அவனையே முடிக்கவைத்தார். அவன் மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தான். நான் ஒரு தேத்தண்ணீர் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

இதைவிடக் கொடுமையான பரீட்சை கடைசி நாள் பரீட்சை. அன்று மேடையைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். தொட்டிக்குள் ஏறி நிற்க எதுவுமே இல்லை. எலியை விட்டுவிட்டு, அது எங்கே தேடுகிறது என்று மேலே இருந்து கமராவில் பார்ப்பார்கள். புரதம் குத்திய எலி எல்லா இடமும் வளைய வரும், கடற்கரைக்கு வந்த ஜெர்மன்காரன் மாதிரி. நல்ல எலிதான் பாவம். மேடை இருந்த இடத்துக்கு நேரே போகும். இல்லை. திரும்பும், மறுபடி அதே இடம். இல்லை. சுற்றிச் சுற்றி அந்த இடத்தையே துழாவும்.

"பாத்தியே" என்றார் அக்கா என்னிடம். "நினைவுள்ளதுதான் தேடுது. மறந்தது சுகமா நீந்துது."

அதை அவர் எனக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அக்காவுக்கு ஒரே ஒரு மகன். கார்ல்ஸ்ரூஹேயில் படித்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் ரயிலில் வீட்டுக்கு வருவான். நண்பனின் கலியாணத்துக்கு ஹம் நகரத்துக்குப் போய்விட்டு, நாலு பேராகக் காரில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் அடிபட்டுப் போய்விட்டான். இது நான் வேலைக்குச் சேருமுன் நடந்தது. அதற்குப் பிறகுதான் அக்காவின் கணவருக்கு மறதி தொடங்கியது. நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். ஒரு பிட்சாக் கடையின் அடுப்படியில் வருடக்கணக்காக நின்றவர். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டு, தலை வாரி, எப்போதும் எங்கோ புறப்பட இருப்பவர்போல் இருப்பார்.

அவர்களுடைய அலுமாரியின் கதவு கழன்றுவிட்டது என்று ஒரு சனிக்கிழமை போனேன். அண்ணைதான் கதவைத் திறந்தார்.

"வாங்கோ தம்பி. மகனோட வந்தனியளோ? பின்னால வாறானோ?"

யாராக இருந்தாலும் என்ன சொல்வானோ அதைத்தான் சொன்னேன். "ஓம் அண்ணை. வருவான்."

அக்கா குசினிக்குள்ளிருந்து ஈரக்கையோடு வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அண்ணையின் முன்னால் போய் நின்றார்.

"இஞ்சாருங்கோ. அவன் வரமாட்டான். அவன் செத்துப்போனான். கார் அடிபட்டு."

அண்ணை சுவரைப் பிடித்தார். "எப்ப? எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்றார். அப்படியே கீழே இருந்துவிட்டார். ஒரு ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. முதல்முறை கேட்கிறவனின் அழுகை அது. அவருக்கு ஒவ்வொரு முறையும் முதல்முறைதான். அக்கா பக்கத்தில் இருந்து, அவர் தலையைத் தன் மடியில் வைத்து, தானும் அழுதார். ஊரில் செத்தவீட்டில் பெண்கள் ஒப்பாரி வைப்பதுபோல, மகனின் பெயரைச் சொல்லி, அவன் குழந்தையில் செய்ததைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் அழுதார்கள். நான் திருகாணிச் சாவியோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அண்ணை எழும்பி முகம் கழுவிக்கொண்டு வந்து, "தம்பி தேத்தண்ணி குடிச்சனியளோ?" என்று கேட்டார். நான் அலுமாரிக் கதவைப் பொருத்திவிட்டுப் புறப்பட்டபோது, "மகனை வழியில கண்டா கெதியா வரச்சொல்லுங்கோ" என்றார். அக்கா மறுபடி குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தார். நான் ஓடாத குறையாக இறங்கினேன்.

திங்கட்கிழமை நிலவறையில் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "ஏனக்கா அந்த மனுசனைத் தினம் தினம் கொல்லுறியள்? வருவான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன குறைஞ்சுபோகும்?"

அக்கா ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஹைமில, முதியோர் இல்லத்தில இருந்து வாற நேர்ஸும் அதைத்தான் சொல்லுறாள். வேலைக்குப் போயிட்டான் எண்டு சொல்லட்டாம். அவளுக்கு அவனைத் தெரியுமே? உனக்குத் தெரியுமே? இந்த நாட்டில அவன் பிறந்தது, நடந்தது, முதல் பல்லு விழுந்தது தெரிஞ்ச ஆக்கள் ரெண்டே பேர். நானும் அந்த மனுசனும். அவரும் இல்லையெண்டா நான் ஆரோட இருந்து அழுறது?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். நீ கூட்டைக் கழுவு."

இதற்குப் பெயர் கொடுமை இல்லாமல் வேறென்ன? துக்கத்துக்குத் துணை தேடி, நினைவில்லாத ஒரு மனிதனை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் பிள்ளையைச் சாகக்கொடுக்க வைப்பதா? அன்று முழுவதும் தலை நிமிராமல் கூடு கழுவினேன். ஆனால் என் அம்மா செத்த அன்று எனக்குப் பக்கத்தில் அழ ஒருவரும் இருக்கவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. அதுவேறு வயிற்றெரிச்சல்.

அண்ணை வெள்ளிக்கிழமைகளில் ஸ்டேஷனுக்குப் போகத் தொடங்கினார். பிறகு அவருக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமை ஆனது. வேலை முடிந்து நானும் அக்காவும் போய்த் தேடுவோம். கார்ல்ஸ்ரூஹே ரயில் வந்து நிற்கும் பக்கத்தில், இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். ரயில் போய்விட்ட பிறகும் நிற்பார். அங்கேயே, அத்தனை ஜெர்மன்காரருக்கு நடுவிலும், அக்கா சொல்வார். அண்ணை அங்கேயே இருந்து அழுவார். பொலிசைக் கூப்பிடவா என்று ஒருவன் கேட்டான். குடும்ப விசயம் என்று நான் அனுப்பிவைத்தேன்.

அப்படியே ஒரு வருடம் போயிருக்கும். ஒருநாள் தொட்டியை இறைத்துக்கொண்டிருக்கும்போது அக்கா, "குறையுது" என்றார்.

"என்னக்கா?"

"முந்தியெல்லாம் நெடுநேரம் அழுவார். இப்ப கொஞ்சம் அழுதிட்டு ஜன்னலுக்கால பாக்கிறார். நேற்று ஸ்டேஷனுக்கும் போகேல்லை."

"நல்லதுதானே அக்கா."

அக்கா தொட்டியின் சுவரைத் தேய்த்தார். தேய்த்த இடத்தையே தேய்த்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பென்சிலால் தட்டியதற்கு ஒரு பையனைப் படியில் இருந்து அழவைத்த அதே மனுசி, வீட்டில் தானே தட்டிக்கொடுக்கத் தொடங்கினார். அண்ணை கேட்காவிட்டால் அக்கா எடுத்துக்கொடுப்பார். "இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ? ஆரோ வரவேணுமே?" அண்ணை யோசிப்பார். சில நாள், "ஓமோம், மகன்" என்பார். உடனே அக்காவின் முகம் வெளிக்கும். வெளித்த முகத்தோடு, அவன் செத்துப்போனான் என்று சொல்வார். இதை நான் என் கண்ணால் கண்டேன்.

மகனின் ஆண்டுத் திவசத்துக்கு என்னை வரச்சொன்னார். வேறொருவரும் இல்லை, அவர்தான் எல்லோரோடும் முறித்துவிட்டாரே. மகனின் படத்துக்கு மாலை போட்டு, வாழையிலையில் அவனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார். கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, ஒரு பக்கத்தில் பொரித்த உருளைக்கிழங்கும் கெச்சப்பும். ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளையின் படையல். ஐயரைக் கூப்பிடவில்லை. கற்பூரம் கொளுத்தியதும் நாங்கள் சாப்பிட இருந்தோம். அண்ணை நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம்முறை சோறு கேட்டு வாங்கினார். அக்கா அவருக்கு எதிரே இருந்து, ஒன்றும் சாப்பிடாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணை படத்தைக் காட்டினார். "வடிவான பொடியன். ஆரின்ர பிள்ளை?"

"எங்கட மகன். வடிவாப் பாருங்கோ. செத்துப்போனான்."

"ஐயோ பாவம்" என்றார் அண்ணை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. ஒரு வாய் சோறு பிசைந்தவர் நிறுத்தி, "தாய் இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

"இருக்கிறா."

"அவவுக்குச் சொல்லிப்போட்டியளோ? சொல்லாதேங்கோ. பெத்த மனம் தாங்காது."

அக்கா எழும்பினார். மேசையைச் சுற்றி வந்து அவரின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். இலையில் இருந்த சோறு அவர் மடியில் கொட்டியது. "அழுங்கோ" என்றார். "இஞ்சாருங்கோ, உங்களைக் கும்பிடுறன். ஒருக்கா அழுங்கோ. உங்கட பிள்ளை. நீங்கள் தோளில வைச்சுக்கொண்டு திரிஞ்ச பிள்ளை." நான் அவரைப் பிடித்து விலக்கப் பார்த்தேன். முடியவில்லை. அண்ணை பயந்துபோனார். பிறகு, யாரோ ஒரு பெண் தன் முன்னால் அழுகிறாள் என்று கண்டு, சோற்றுக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அக்காவின் கையை மெல்லத் தட்டினார்.

"அழாதேங்கோ அம்மா. இன்னொராளின்ர பிள்ளைக்கு நாங்கள் அழுது என்ன செய்யிறது?"

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார், செத்துப்போனான், எங்கட மகன் செத்துப்போனான் என்று. நான் படியால் இறங்கி வாசலுக்கு வரும்வரைக்கும், அந்த வீட்டிலிருந்து ஒரு ஆளின் அழுகைதான் கேட்டது.